மோர்ப் பானை ஏன் மீந்துபோகிறது?

கேள்வி: டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். பண்ருட்டிக்குப் பக்கத்தில் முந்திரிக்கொட்டை உடைக்கும் சின்ன கம்பெனி நடத்துகிறேன். அப்பா காலமான பிறகு நான்கு வருடமாக நான்தான் பார்க்கிறேன். உடைக்க, தோல் உரிக்க, தரம் பிரிக்க என்று 24 பெண்கள். கொட்டை அவிக்கவும் மூட்டை தூக்கவும் 5 ஆண்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரை. பெண்களுக்குக் கிலோ கணக்கில் கூலி, சராசரியாக நாளைக்கு 360 ரூபாய் எடுப்பார்கள். போன வாரம் ஓர் அக்கா மயங்கி விழுந்துவிட்டார். மகள் பிரசவத்துக்காக இருபது நாள் லீவில் இருந்துவிட்டு வந்தவர், வந்த இரண்டாம் நாளே இப்படி ஆகிவிட்டது. அவருக்குப் பிரஷர் உண்டு, மாத்திரை சாப்பிடுகிறார். தண்ணீர் தெளித்து, சோடா கொடுத்து, பைக்கில் வீட்டுக்கு அனுப்பினோம். தினமும் 11 மணிக்கு ஒரு பானை மோர் வைக்கிறேன், பாதிக்கு மேல் மீந்துபோகிறது. கூடுதலாக இரண்டு ஃபேன் போட்டேன், தோல் உரிக்கிற இடத்தில் அதை அணைத்து வைக்கிறார்கள். பின்பக்கம் கழிப்பறை ஒன்று இருக்கிறது. ஏர்கூலர் வாங்கலாமா? வேலையைக் காலை 6 மணிக்குத் தொடங்கிவிடலாமா? இவர்கள் எல்லாரும் என்னைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவர்கள். யாருக்கும் ஒன்றும் ஆகிவிடக் கூடாது.

(பெயர் வேண்டாம் என்று கேட்ட வாசகி, கடலூர் மாவட்டம்)

பதில்: அம்மா, முதலில் ஏர்கூலர் கதையை முடித்துவிடலாம். வாங்காதீர்கள். அது தண்ணீரை ஆவியாக்கிக் காற்றைக் குளிரவைக்கும் பெட்டி. காற்று உலர்ந்திருக்கும் ஊரில் நன்றாக வேலை செய்யும். கடலுக்கு இவ்வளவு கிட்டத்தில், ஏற்கெனவே பிசுபிசுக்கிற காற்றில் அது தரும் குளிர்ச்சி கொஞ்சம்தான். ஏற்றிவிடும் ஈரமோ அதிகம், உடம்பில் வியர்வை காயவே காயாது. போதாததற்கு உலர்த்தி எடுத்த பருப்பு அந்த ஈரத்தை இழுத்துக்கொள்ளும். நமுத்த பருப்பு என்ன விலைக்குப் போகும் என்பதை எனக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இனி மோர். கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையிலும் சுற்றுப்பட்ட ஊர்களிலும் கம்பெனி கம்பெனியாகப் போய்வருவது என் வேலை. மீந்துபோன மோர்ப் பானைகளை நிறையவே பார்த்திருக்கிறேன். ‘இவங்களுக்கு அக்கறையே இல்லை டாக்டர்’ என்பார்கள் முதலாளிகள். நீங்கள் அப்படி எழுதவில்லை, அதற்கு நன்றி.

உடைக்கிற அக்கா ஒருவர் எழுந்து வந்து ஒரு டம்ளர் மோர் குடிக்க என்னென்ன செய்ய வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். கையில் தோலைப் பொசுக்கும் முந்திரி ஓட்டு எண்ணெய், அதன் மேல் சாம்பல். அந்தக் கையோடு டம்ளரைத் தொட்டால் உதடு வெந்துபோகும். எனவே கை கழுவ வேண்டும். குடித்துவிட்டு, கையைக் காக்க மறுபடியும் சாம்பலோ வேறு எண்ணெயோ தடவிக்கொண்டுதான் உட்கார முடியும். ஐந்து நிமிடம், சில சமயம் ஏழு. கிலோ கணக்கில் கூலி வாங்குபவருக்கு அந்த ஏழு நிமிடம் சொந்தக் காசு. நீங்கள் இலவசமாகக் கொடுப்பதாக நினைக்கும் மோரை அவர் விலை கொடுத்து வாங்குகிறார். வெயில் ஏற ஏறக் கை மெதுவாகும், எடை குறையும். அதை ஈடுகட்ட இன்னும் வேகமாக உடைப்பார். ஜூனில் பள்ளி திறக்கிறது, நோட்டுப் புத்தகம், ஃபீஸ் எல்லாம் இருக்கிறது. மே மாதத்தில் யாரும் தானாக ஓய்வெடுக்க மாட்டார்கள்.

ஆகவே என் முதல் யோசனை, ஓய்வுக்குக் கூலி கொடுங்கள். நாளைக்கு நான்கு முறை மணி அடியுங்கள், ஒவ்வொரு முறையும் 10 நிமிடம். மணி அடித்தால் எல்லாரும் எழுந்துவிட வேண்டும். ‘வேண்டியவர்கள் எழுந்திருக்கலாம்’ என்று விட்டால் ஒருவரும் எழுந்திருக்க மாட்டார்கள், பக்கத்தில் இருப்பவர் உடைத்துக்கொண்டே இருப்பாரே.

செலவைப் பார்ப்போம். நான்கு முறைக்கு 40 நிமிடம். எட்டு மணி நேர வேலையில் அது பன்னிரண்டில் ஒரு பங்கு. உங்கள் கணக்குப்படி 360 ரூபாயில் பன்னிரண்டில் ஒரு பங்கு 30 ரூபாய், 24 பேருக்கு 720 ரூபாய். இதைக் கிலோ கூலியோடு கலக்காமல் ‘ஓய்வு மணிக் காசு’ என்று தனியாகச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். மாதம் 24 நாள் என்றால் 17,280 ரூபாய் வரும். சின்னத் தொகை இல்லை, தெரியும். ஆனால் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் உடைபடும் பருப்பையும், காலை பத்து மணிக்கு முன்னால் உடைபடும் பருப்பையும் ஒரு வாரம் தனித்தனியாக எடை போட்டுப் பாருங்கள். முழுப்பருப்புக்கும் உடைசலுக்கும் விலையில் எவ்வளவு வித்தியாசம் என்று உங்களுக்கே தெரியும். களைத்த கை பருப்பை முழுசாக எடுக்காது. அந்த 720 ரூபாயில் ஒரு பகுதி அங்கேயே திரும்பி வரும். எவ்வளவு என்று நான் அளக்க முடியாது, உங்கள் தராசு சொல்லும்.

ஓய்வு மணிகளுக்கு இடையிலும் தண்ணீர் போக வேண்டும். சூட்டில் வேலை செய்பவர் 15, 20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர் குடிப்பது நல்லது. ஒரே மூச்சில் ஒரு சொம்பு குடிப்பதைவிட இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிப்பதுதான் உடம்பில் தங்கும். மணிக்கு ஒன்றரை லிட்டருக்கு மேலே போகவும் வேண்டாம். கை கழுவும் சிக்கலுக்கு வழி நம் பழக்கத்திலேயே இருக்கிறது. ஒருவர் கூஜாவோடு வரிசையில் போய் ஊற்றட்டும், மற்றவர்கள் அண்ணாந்து குடிக்கட்டும். கையும் படாது, உதடும் படாது. ஒரே டம்ளர் 24 பேரிடம் சுற்றுவதும் நிற்கும். யார் டம்ளரை யார் தொடுவது, யார் ஊற்றினால் யார் குடிப்பார் என்பதெல்லாம் நம் ஊரில் இன்னும் மறைந்துவிடவில்லை. அதை நீங்கள் வெளியில் பேச வேண்டாம். ஊற்றுபவரை வாரா வாரம் மாற்றுங்கள், எல்லா வீட்டுப் பெண்ணும் முறை வைத்து ஊற்றட்டும். ஒரு வாரம் நீங்களே ஊற்றினாலும் நல்லது. ஊற்றுபவருக்கு அன்றைய சராசரிக் கூலியைக் கொடுத்துவிடுங்கள்.

என்ன கொடுக்கலாம்? பெரும்பாலும் வெறும் தண்ணீர் போதும். நிறைய வியர்க்கிற நாளில் உப்புப் போட்ட நீர்மோர் இரண்டு வேளை. காலையில் கேழ்வரகுக் கூழோ பழைய சோறோ சாப்பிட்டு வருபவர்களுக்கு உப்பும் நீரும் அதிலேயே கொஞ்சம் சேர்ந்துவிடும். சாப்பிடாமல் வருபவர்கள்தான் முதலில் விழுவார்கள். யார் வெறும் வயிற்றோடு வருகிறார்கள் என்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். உப்புக்கரைசல் பொட்டலம் பத்து வாங்கி வையுங்கள், ஒரு பொட்டலத்துக்கு எவ்வளவு தண்ணீர் என்று உறையில் போட்டிருப்பதை மாற்றாமல் கரைக்க வேண்டும். பொட்டலம் தீர்ந்த நாளில் ஒரு லிட்டர் தண்ணீரில் தலை தட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. சர்க்கரை நோய், பிரஷர், சிறுநீரகத் தொல்லை உள்ளவர்களுக்கு இதைத் தினசரி பானமாக்க வேண்டாம், அவர்கள் தங்கள் டாக்டரைக் கேட்கட்டும். சோடாவால் ஆகப்போவது ஒன்றுமில்லை. டீயை நிறுத்தச் சொல்லிச் சிலர் கிளம்புவார்கள், நிறுத்தாதீர்கள். அந்த இரண்டு டீதான் பல பேருக்கு நாளின் ஒரே சந்தோஷம்.

‘பின்பக்கம் கழிப்பறை ஒன்று இருக்கிறது’ என்று எழுதியிருக்கிறீர்கள். நான் அதிக நேரம் நின்றது இந்த வரியில்தான். 29 பேருக்கு ஒன்று. ஆண்களும் அதே பக்கம்தானா? உள்ளே தாழ்ப்பாள் விழுகிறதா? தண்ணீர் குழாயில் வருகிறதா, குடத்தில் தூக்கிக்கொண்டு போக வேண்டுமா? கொட்டை அவிக்கிற ஆண்கள் நிற்கும் இடத்தைத் தாண்டித்தான் போக வேண்டுமா? இதற்கெல்லாம் பதில் சரியில்லை என்றால், நீங்கள் பாலையும் பன்னீரையும் ஊற்றினாலும் பெண்கள் குடிக்க மாட்டார்கள். காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போதே தண்ணீரைக் குறைத்துவிடுவார்கள். நீர்க்கடுப்பு, சிறுநீரகக் கல் என்று என்னிடம் வரும் பெண்களில் பல பேர் இப்படி நாள் முழுக்க அடக்கிவைத்தவர்கள். மாதவிலக்கு நாட்களில் சிலர் லீவே போட்டுவிடுகிறார்கள், அதற்கு அவர்கள் சொல்லும் காரணம் வேறாக இருக்கும். ஏர்கூலருக்கு ஒதுக்கிய பணம் இருக்கிறதல்லவா, அதைப் பெண்களுக்கென்று தனியாக இன்னொரு கழிப்பறை கட்டப் போடுங்கள். அது முடிகிற வரை இருப்பதற்குத் தாழ்ப்பாள், பக்கெட், மூடியுள்ள குப்பைக்கூடை, ஒரு பல்பு. இதற்கு ஒரு நாள் போதும். உள்ளே, சிறுநீர் தெளிந்த வைக்கோல் நிறத்தில் இருந்தால் சரி, கடலை எண்ணெய் நிறத்துக்கு வந்துவிட்டால் உடனே தண்ணீர் குடிக்க வேண்டும் என்று எழுதி ஒட்டுங்கள். படித்துவிட்டுச் சிரிப்பார்கள். சிரித்தபடியே பார்த்துக்கொள்வார்கள்.

மயங்கிய அக்காவுக்கு வருகிறேன். வெயிலுக்குப் பழகிய உடம்பு என்று ஒன்று உண்டு. சூட்டில் தினமும் வேலை செய்யச் செய்ய, ஒன்றிரண்டு வாரத்தில் உடம்பு சீக்கிரமாகவும் அதிகமாகவும் வியர்க்கக் கற்றுக்கொள்ளும், வியர்வையில் உப்பை வீணாக்காது. பத்து இருபது நாள் விலகியிருந்தால் அந்தப் பழக்கம் கழன்றுவிடும். முப்பது வருடம் உடைத்தவர் என்றாலும் இதில் சலுகை கிடையாது. வெயிலில் மோசமாக விழுபவர்களில் பெரும் பகுதியினர் வேலைக்குப் புதிதாக வந்தவர்களும் லீவு முடிந்து வந்தவர்களும்தான், அதுவும் முதல் சில நாட்களில். அனுபவசாலி திரும்பி வந்தால் முதல் நாள் பாதி வேலை, இரண்டாம் நாள் பத்தில் ஆறு பங்கு, மூன்றாம் நாள் எட்டுப் பங்கு, நான்காம் நாள் முழு வேலை. புதிதாகச் சேர்பவருக்கு முதல் நாள் ஐந்தில் ஒரு பங்கு, பிறகு நாளுக்கு ஒரு பங்காகக் கூட்டுங்கள். வேலையைப் பாதியாக்கிக் கூலியையும் பாதியாக்கினால் இது நடக்காது. இருபது நாள் வருமானம் இல்லாமல், பிரசவச் செலவும் பார்த்துவிட்டு வந்தவர் முதல் நாளே இரட்டிப்பாக உடைக்கத்தான் பார்ப்பார். அந்த மூன்று நாளுக்கும் அவருடைய பழைய சராசரிக் கூலியைக் கொடுத்துவிடுங்கள்.

அடுத்த முறை யாராவது விழுந்தால் முதலில் பேச்சுக் கொடுங்கள். பெயர், ஊர், இன்று என்ன கிழமை என்று கேளுங்கள். தெளிவாகப் பதில் சொன்னால் நிழலில் படுக்கவைத்து, காலைச் சற்று உயர்த்தி, கொஞ்சம் கொஞ்சமாக உப்புக்கரைசல் கொடுங்கள். அரை மணியில் தேறவில்லை என்றால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தேறினாலும் அன்றைக்கு மறுபடி வேலையில் உட்காரவைக்காதீர்கள், வீட்டில் தனியாகவும் விடாதீர்கள். ஆனால் பேச்சு குழறுகிறது, சம்பந்தமில்லாமல் பேசுகிறார், வலிப்பு வருகிறது, உடம்பு நெருப்பாகக் கொதிக்கிறது என்றால் அது ‘ஹீட் ஸ்ட்ரோக்’ எனப்படும் வெப்பத்தாக்கம். உயிர் போகிற விஷயம். ஒருவர் 108-ஐக் கூப்பிடும்போதே மற்றவர்கள் குடம் குடமாகத் தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்ற வேண்டும், சேலையோடுதான். கூடவே விசிற வேண்டும். ஆம்புலன்ஸ் வரும் வரை நிறுத்தக் கூடாது. முகத்தில் தெளித்தால் போதாது. வியர்க்கிறதே, அப்படியானால் பயமில்லை என்றும் நினைக்காதீர்கள், உழைத்துக்கொண்டே விழுபவர்களுக்கு வியர்வை நிற்காமலும் இருக்கும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறும். பாரசிட்டமால் இந்தச் சூட்டைக் குறைக்காது. கையில் இரும்புச் சாவி கொடுக்கக் கட்டாயம் ஒருவர் ஓடி வருவார், அவரைத் தண்ணீர் எடுக்க அனுப்புங்கள்.

காலை 6 மணி யோசனைக்கு வருவோம். இதில் நானே ஒருமுறை சூடு கண்டவன். பல வருடம் முன்பு புதுச்சேரிப் பக்கம் ஒரு தையல் கம்பெனிக்கு இதே யோசனையைச் சொன்னேன். 6 முதல் 2 வரை, கேட்க எவ்வளவு அழகாக இருக்கிறது! மூன்றாவது வாரம் வருகைப் பதிவேட்டில் பாதி இடம் காலி. போய்க் கேட்டேன். ஆறு மணிக்கு வர மூன்றரைக்கு எழுந்து சமைக்க வேண்டும். தெருக்குழாயில் தண்ணீர் வருவதே ஐந்தரைக்கு. முதல் டவுன் பஸ் அந்த நேரத்துக்கு இல்லை, பஸ்ஸை விட்டு ஷேர் ஆட்டோவில் கூடுதல் காசு கொடுத்து வந்தார்கள். இரண்டு மணிக்கு விட்டால் உச்சி வெயிலில் இரண்டு கிலோமீட்டர் நடை. வீட்டுக்குப் போனால் தகரக் கூரை, கம்பெனியைவிட அங்கே சூடு. இரவில் புழுக்கத்தில் தூக்கமில்லாமல், மறுநாள் மறுபடி மூன்றரைக்கு. ஒரு பெண் ஊசியில் விரலைக் குத்திக்கொண்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. வெயிலைப் பார்த்தேனே தவிர அவர்கள் வீட்டுக் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

அதனால் மொத்தமாக நேரத்தை மாற்றாதீர்கள். சூடான வேலையை மட்டும் நகர்த்துங்கள். அவித்த கொட்டையை ஆறப்போட்டு மறுநாள்தானே உடைக்கிறீர்கள்? அப்படியானால் அவிப்பதை நடுப்பகலில் செய்யத் தேவையே இல்லை. அந்த ஐந்து ஆண்களும் விடியற்காலையிலோ சாயங்காலத்திலோ அதை முடிக்கட்டும். பெண்கள் வரும்போது அடுப்பு அணைந்திருந்தால் கூரைக்குக் கீழே பாதிச் சூடு போன மாதிரி. பருப்பு உலர்த்தும் சூட்டு அறையில் யாரும் நாள் முழுக்க நிற்க வேண்டாம், ஆள் மாற்றி மாற்றி அனுப்புங்கள். பெண்களின் நேரத்தைப் பற்றி அவர்களையே கேளுங்கள். மேஸ்திரியை அனுப்பிக் கேட்டால் ‘உங்க இஷ்டம் பாப்பா’ என்ற பதில்தான் வரும். நீங்களே கீழே உட்கார்ந்து, எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறீர்கள், எப்படி வருகிறீர்கள், பள்ளி லீவில் பிள்ளைகள் யாரிடம் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். மதியம் 12 முதல் 3 வரை உடைப்பதை நிறுத்தி, ஆறிய இடத்தில் தரம் பிரிக்கிற வேலையை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று அவர்களே சொன்னாலும் சொல்வார்கள்.

ஃபேன் விஷயம் எளிது. எதிரிலிருந்து அடித்தால் உரித்த தோல் பறந்து கண்ணிலும் மூக்கிலும் விழும், அணைக்காமல் என்ன செய்வார்கள்? முதுகுப் பக்கம் தாழ்வாகச் சுவரில் மாட்டுங்கள், தட்டுகளுக்கு விளிம்பு உயரமாக இருக்கட்டும். மேலே சுவர் முகட்டில் சூட்டை வெளியே இழுக்கும் ஃபேன் ஒன்று வேண்டும். சேலைக்கு மேல் போடும் பழைய பாலியஸ்டர் சட்டைக்குப் பதில் மெல்லிய பருத்தி அங்கி தைத்துக் கொடுங்கள். ஒரு வெப்பமானியும் வாங்குங்கள், ஈரப்பதமும் காட்டுகிற வகை. அலுவலக அறையில் மாட்டாமல் அவர்கள் உட்காரும் உயரத்தில் மாட்டுங்கள். 33 டிகிரிதானே என்று இருந்துவிடக் கூடாது, கூடவே ஈரப்பதம் 70 சதவீதம் இருந்தால் உடம்புக்கு அது 40-ஐத் தாண்டிய மாதிரி.

கூரைக்கு வெளிப்பக்கம் வெள்ளை அடியுங்கள். சுண்ணாம்பு இரண்டு கோட்டு அடித்தாலே உள்ளே நல்ல வித்தியாசம் தெரியும். மே 4-ஐ ஒட்டிக் கத்திரி தொடங்கும், அதற்கு முன் முடித்துவிடுவது நல்லது. ஆஸ்பெஸ்டாஸைக் காய்ந்த நிலையில் சுரண்டவோ துளை போடவோ கூடாது, அந்தத் தூசி நுரையீரலுக்கு நஞ்சு. ஷீட் மேல் நேராகக் கால் வைத்தால் உடைந்து ஆள் கீழே விழுவார். பலகை போட்டு, கயிறு கட்டித்தான் ஏற்ற வேண்டும். மேலே தென்னங்கீற்று வேயலாம் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்பேன். முந்திரி ஓட்டை எரிக்கிற புகைபோக்கிக்குப் பக்கத்தில் கீற்றா? 2011 டிசம்பர் 30-ல் வந்த தானே புயல் நம் பக்கத்து முந்திரியையும் பலாவையும் சாய்த்த பிறகு நிழலில்லாமல் நிற்கும் கட்டடங்கள் ஏராளம். மேற்குப் பக்கம் இடமிருந்தால் வேம்பும் புங்கனும் வைத்துவிடுங்கள். உங்களுக்கு நிழல் தர நாளாகும், பரவாயில்லை.

யாராவது கர்ப்பமாக இருக்கிறார்களா என்று தனியாக, மெதுவாகக் கேட்டு வையுங்கள். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தின் வித்யா வேணுகோபால் குழு, தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளிடம் நடத்தி 2024-ல் வெளியிட்ட ஆய்வில், அதிக சூட்டில் வேலை செய்தவர்களுக்குக் கரு கலையும் அபாயம் இரு மடங்காக இருந்தது. அவர்களுக்குக் குளிர்ந்த மூலையில் தரம் பிரிக்கிற வேலையை, கூலி குறையாமல் கொடுங்கள். கூலி குறையும் என்று தெரிந்தால் ஐந்தாம் மாதம் வரை யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

கடைசியாக, மயங்கிய அக்காவின் மாத்திரை. பிரஷருக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள் சிறுநீரை அதிகமாக்கி உடம்பிலிருந்து நீரையும் உப்பையும் வெளியேற்றும். வெயில் நாளில் அந்த அளவே மயக்கத்துக்குக் காரணமாகலாம். அதற்காக அவராக நிறுத்திவிடக் கூடாது, அது இன்னும் ஆபத்து. இந்த வாரமே மாத்திரை அட்டையோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அவரை அழைத்துப் போங்கள். விழுந்ததையும், சூட்டில் வேலை செய்வதையும் டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள். சொல்ல மறந்துவிடுவார்கள், கூட நீங்கள் போனால் நல்லது. அன்றைக்கும் அவருக்குக் கூலி உண்டு என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் வர மாட்டார்.